பார்வையற்றோருக்கான கட்டிடத் தொடு மாதிரியுருக்கள்

கட்டிடத் தொடு மாதிரியுரு என்பது, ஒரு கட்டிடத்தின் வடிவத்தையும் அமைப்பையும் பார்வையற்றோரும் பார்வைக் குறைபாடு உடையோரும் கைகளால் தடவி அறிந்துகொள்ளும் வகையில் சிறிய அளவில் செய்யப்படும் முப்பரிமாண உருவம் ஆகும். பேராலயங்கள், கோட்டைகள், அரண்மனைகள், பண்டைய கோயில்கள் முதலிய வரலாற்றுச் சிறப்பு வாய்ந்த கட்டிடங்களுக்கே இவை பெரும்பாலும் செய்யப்படுகின்றன. சில நகரங்களில் தனியொரு கட்டிடத்துக்கு மட்டுமன்றிப் பழைய நகரப் பகுதி முழுவதற்குமே இத்தகைய மாதிரியுருக்கள் உள்ளன.

கட்டிடக் கலைஞர்கள் தமது வடிவமைப்பை விளக்குவதற்காகச் செய்யும் மாதிரியுருக்களும், சுற்றுலாத் தலங்களில் விற்கப்படும் சிறு நினைவுப் பொருட்களும் தோற்றத்தில் இவற்றை ஒத்திருக்கலாம். ஆனால் அவை கண்ணுக்காகச் செய்யப்பட்டவை. முன்னவை தடவினால் உடைந்துவிடக் கூடியவை. பின்னவை தடவினாலும் அதிகம் எதையும் சொல்லாதவை. கண்ணுக்கு நன்றாக இருக்கும் மாதிரியுரு கைக்கும் நன்றாகவே இருக்கும் என்று எண்ணுவது இத்துறையில் பரவலாகக் காணப்படும் ஒரு தவறாகும்.

தேவை

பார்வையற்ற சிலர் யானையைத் தடவிப் பார்த்துவிட்டு, அது உலக்கை போன்றது, முறம் போன்றது, தூண் போன்றது என்று தமக்குள் வாதிட்ட கதை தமிழில் நன்கு அறியப்பட்டது. அரைகுறை அறிவுக்கு எடுத்துக்காட்டாகவே இக்கதை சொல்லப்படுவது வழக்கம். ஆனால் கதையில் வருபவர்கள் பிழைபட்டதற்குப் பார்வையின்மை மட்டுமே காரணம் அன்று. யானை அவர்களுடைய கைகளின் எட்டலை விடப் பெரிதாக இருந்தது. ஒவ்வொருவரும் ஓரிடத்தைத் தொட்டதோடு நின்றும்விட்டனர். கைகளுக்குள் அடங்கும் அளவில் ஒரு யானை உருவத்தை அவர்களிடம் கொடுத்திருந்தால் வாதத்துக்கு இடமே இருந்திராது.

கட்டிடம் யானையிலும் பெரியது. பார்வையற்ற ஒருவர் ஒரு பழைய கட்டிடத்துக்குள் நடக்கும்போது அறிந்துகொள்வது குறைவானதன்று. காலடி ஓசையின் எதிரொலியிலிருந்து கூடத்தின் பரப்பையும் கூரையின் உயரத்தையும் ஓரளவுக்கு மதிப்பிட முடியும். தளக் கற்களின் தேய்மானம், தூணின் சுற்றளவு, சுவரின் குளிர்ச்சி, திறந்த முற்றத்திலிருந்து மண்டபத்துக்குள் நுழையும்போது காற்றில் ஏற்படும் மாற்றம் ஆகியனவும் அவருக்குக் கிடைக்கின்றன. உடன் வரும் பார்வையுள்ளவர்கள் இவற்றைப் பெரும்பாலும் கவனிப்பதே இல்லை. எனினும் தலைக்கு மேலே உள்ளவை அவருக்கு எட்டுவதில்லை. கோபுரம் எங்கே தொடங்கி எவ்வாறு ஒடுங்குகின்றது, கூரை எந்த வடிவினது, முகப்புக்கும் பின்பகுதிக்கும் என்ன தொடர்பு என்பவை எல்லாம் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியவையாகவே இருந்துவிடுகின்றன.

சொற்களால் தரும் விளக்கத்துக்கும் எல்லை உண்டு. "சிலுவை வடிவத் தளத்தின் நடுவே எண்கோண அடித்தளத்தின் மீது குவிமாடம்" என்ற தொடர், அத்தகைய வடிவங்களை முன்பே அறிந்தவருக்குத்தான் பொருள் தரும். தவிரவும், விளக்குபவர் எதைச் சொல்லத் தெரிவு செய்கின்றாரோ அதுவே கேட்பவருக்குக் கிடைக்கின்றது. மாதிரியுரு கையில் இருந்தால், எந்தப் பகுதியை முதலில் அறிவது, எதற்குத் திரும்பி வருவது, எதில் ஐயப்படுவது என்பனவற்றைத் தடவுபவரே முடிவு செய்துகொள்கின்றார். சில நிமிடங்கள் தடவியபின் வழிகாட்டியிடம் அவர் கேட்கும் கேள்விகளும் வேறாகிவிடுகின்றன.

வரலாறு

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாரிசில் வலன்டைன் அவுய் தொடங்கிய பள்ளியைத் தொடர்ந்து ஐரோப்பாவின் பல நகரங்களில் பார்வையற்றோருக்கான பள்ளிகள் தோன்றின. விலங்குகள், கருவிகள், நிலப்படங்கள் ஆகியவற்றின் புடைப்புருவங்கள் இத்தகைய பள்ளிகளில் கற்பித்தலுக்குப் பயன்பட்டன. ஆனால் பொது அருங்காட்சியகங்களில் பொருட்களைத் தொடுவது தடை செய்யப்பட்டே இருந்தது. இதற்குக் குறிப்பிடத்தக்க ஒரு விலக்கு இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகம் ஆகும். அதன் பொறுப்பாளராக இருந்த ஜான் ஆல்ஃபிரட் சார்ல்ட்டன் டீஸ் 1906ஆம் ஆண்டில் பார்வையற்ற சிறுவர்களை அழைத்து, காட்சிப் பொருட்களைத் தொட்டு அறிய வாய்ப்பளித்தார். பின்னர் பெரியவர்களுக்கும் இது விரிவாக்கப்பட்டது. தொட்டறிந்தவற்றைச் சிறுவர்கள் களிமண்ணில் செய்து காட்டினர்.

தொடுவதையே நோக்கமாகக் கொண்ட அருங்காட்சியகங்கள் 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலேயே உருவாயின. கிரேக்கத்தின் ஏதென்சில் பார்வையற்றோருக்கான நிறுவனம் ஒன்று 1984இல் இத்தகைய அருங்காட்சியகம் ஒன்றை நிறுவியது. பண்டைக் கிரேக்கச் சிற்பங்களின் படிகளை அங்கே தொட்டறியலாம்.

கட்டிட மாதிரியுருக்களைப் பொறுத்தவரை இரண்டு நிறுவனங்களைச் சிறப்பாகக் குறிப்பிட வேண்டும். ஒன்று, ஸ்பெயினின் பார்வையற்றோர் தேசிய அமைப்பான ஓன்சே 1992 டிசம்பரில் மாட்ரிட் நகரில் திறந்த அருங்காட்சியகம். அல்ஹம்ப்ரா, சந்தியாகோ பேராலயம் முதலிய ஸ்பானியக் கட்டிடங்களோடு ஐபெல் கோபுரம், தாஜ்மகால் போன்ற பிறநாட்டுக் கட்டிடங்களின் மாதிரியுருக்களும் இங்கே உள்ளன. பிரெயில் எழுத்தின் வரலாறு தொடர்பான பொருட்களும், பார்வையற்ற கலைஞர்களின் படைப்புக்களும் தனிப் பகுதிகளாக அமைந்துள்ளன.

மற்றது, இத்தாலியின் அங்கோனா நகரில் 1993இல் தொடங்கப்பட்ட ஓமெரோ அருங்காட்சியகம். பார்வையற்றவராக இருந்ததாகக் கூறப்படும் கிரேக்கப் புலவர் ஓமரின் பெயர் இதற்கு இடப்பட்டது. பார்வையற்ற தம்பதியரான ஆல்டோ கிராசினி, டேனியேலா பொட்டெகோனி ஆகியோரின் எண்ணத்தில் உருவானது இது. பயணங்களில் ஆர்வம் கொண்ட இவர்கள், சென்ற நாடுகளின் அருங்காட்சியகங்களில் எதையும் தொட விடாததைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டவர்கள். 1999இல் இத்தாலிய நாடாளுமன்றம் இதனை அரச அருங்காட்சியகமாக ஏற்றுக்கொண்டது. பார்த்தினன், பாந்தியன், புனித பேதுரு பேராலயம் ஆகியவற்றின் மாதிரியுருக்கள் இங்கு உள்ளன.

ஜெர்மனியில் நிலைமை சற்று வேறுபட்டது. அங்கே மாதிரியுருக்கள் அருங்காட்சியகத்துக்குள் அன்றி, பொதுச் சதுக்கங்களில் திறந்த வெளியில் வைக்கப்பட்டுள்ளன. சிற்பி எக்பெர்ட் புரோர்க்கன் 1980களின் பிற்பகுதி முதல் மியூன்ஸ்டர் உட்படப் பல நகரங்களுக்கு வெண்கலத்தில் நகர மாதிரியுருக்களைச் செய்துள்ளார். தெருப் பெயர்களும் கட்டிடப் பெயர்களும் இவற்றில் பிரெயிலிலும் சாதாரண எழுத்திலும் உள்ளன. நுழைவுச் சீட்டோ திறப்பு நேரமோ இல்லாததால் பார்வையுள்ளவர்களும் சிறுவர்களும் இவற்றைச் சுற்றி நிற்பதைக் காணலாம்.

2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்கு கொள்ளும் உரிமையை வலியுறுத்துகின்றது. நினைவுச் சின்னங்களை இயன்றவரை அணுகத்தக்கனவாக ஆக்குவதும் இதில் அடங்கும். இந்தியா 2007இலும் இலங்கை 2016இலும் இதனை ஏற்புறுதி செய்தன. புது தில்லியிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் சிற்பம் முதலிய காட்சிப் பொருட்களின் படிகளைத் தொட்டறிவதற்கான தனிக்கூடம் ஒன்று பின்னர் அமைக்கப்பட்டது.

தொடுபுலனின் இயல்பு

கண் ஒரு கட்டிடத்தை முதலில் முழுமையாகக் கண்டு, பின்னர் பகுதிகளுக்குச் செல்கின்றது. கை இதற்கு எதிர்த்திசையில் இயங்குகின்றது. ஒரு நேரத்தில் விரல்களின் கீழ் இருப்பதை மட்டுமே அது அறியும். அவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைக்கும் பகுதிகளை மனம் நினைவில் வைத்து முழுமையாக இணைத்துக்கொள்ள வேண்டும். எனவே மாதிரியுரு பெரிதாகப் பெரிதாக நினைவின் சுமை கூடுகின்றது. மிகவும் சிறிதானால் பகுதிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

உளவியலாளர்களான சூசன் லெடர்மன், ரொபர்ட்டா கிளாட்ஸ்கி ஆகிய இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், கை ஒரு பொருளை அறியும்போது தற்செயலாக அலைவதில்லை என்று காட்டினர். மேற்பரப்பின் சொரசொரப்பை அறிய விரல் இருபுறமும் உரசுகின்றது. கடினத்தை அறிய அழுத்துகின்றது. வெப்பத்தை அறிய அசையாமல் நிற்கின்றது. பொது வடிவத்தை அறிய உள்ளங்கை பொருளைப் பொத்திப் பிடிக்கின்றது. நுண்ணிய வடிவத்தை அறிய விரல்நுனி விளிம்பைப் பின்தொடர்ந்து செல்கின்றது. கட்டிட மாதிரியுருவுக்குக் கடைசி இரண்டும் முதன்மையானவை. ஒரு கோபுரத்தைக் கை பொத்திப் பிடிக்க முடிகின்றதா, ஒரு விளிம்பின் வழியே விரல் தடையின்றிச் செல்ல முடிகின்றதா என்பவையே செய்பவர் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டியவை.

அசையாத விரல்நுனி இரு புள்ளிகளைத் தனித்தனியாக உணர வேண்டுமானால் அவற்றுக்கிடையே ஏறத்தாழ 2 முதல் 4 மி.மீ. இடைவெளி தேவை. பிரெயில் எழுத்தில் அடுத்தடுத்த புள்ளிகள் ஏறத்தாழ 2.5 மி.மீ. இடைவெளியிலும், ஏறத்தாழ அரை மி.மீ. உயரத்திலும் அமைந்திருப்பது இதனோடு பொருந்துகின்றது. மாறாக, வழவழப்பான பரப்பில் விரல் அசையும்போது மிக மெல்லிய கீறலைக்கூட உணர்ந்துவிடும். ஆகவே கைக்கு நுட்பம் போதாது என்பது சரியன்று. நெருக்கமான சிறு வடிவங்களைப் பிரித்தறிவதில் கை கண்ணுக்குப் பின்தங்குகின்றது. பரப்பின் தன்மையை அறிவதில் கண்ணை முந்துகின்றது.

தொட்டறிந்த வடிவமும் கண்டறிந்த வடிவமும் மனத்தில் ஒன்றேதானா என்பது பழைய கேள்வி. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு வேறுபடுத்தக் கூடியவர். அவருக்குப் பார்வை கிடைத்தால், தொடாமலே அவற்றை இனங்காண்பாரா என்று அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மொலினோ 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கேட்டார். இந்தியாவில் பிறவிப் பார்வையின்மைக்கு அறுவை மருத்துவம் பெற்ற ஐந்து இளையோரைக் கொண்டு பவன் சின்கா குழுவினர் நடத்திய ஆய்வு 2011இல் வெளியானது. தொட்ட வடிவத்தைப் பார்த்த வடிவத்தோடு பொருத்த அவர்களால் உடனடியாக இயலவில்லை. நாட்கள் செல்லச் செல்லவே அது கைவந்தது. கண்ணுக்கான உருவத்தை அப்படியே கைக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று கருத முடியாமைக்கு இதுவும் ஒரு சான்றாகும்.

அளவுத்திட்டம்

மாதிரியுருவின் அளவுத்திட்டத்தைக் கட்டிடத்தின் அளவு மட்டுமன்றி, மனிதக் கையின் எட்டலும் விரலின் பருமனும் தீர்மானிக்கின்றன. நின்ற இடத்திலிருந்து ஒருவர் வசதியாக எட்டக்கூடிய தொலைவு ஏறத்தாழ 60 செ.மீ. ஆகும். இதைவிட அகலமான மாதிரியுருவைச் சுற்றி வருவதற்கு இடம் இருக்க வேண்டும். மறுபுறம், இரு தூண்களுக்கு இடையே விரல் நுழையாவிட்டால் அவை தூண்கள் அல்ல, வரிவரியான சுவர் என்றே கைக்குத் தோன்றும்.

ஏதென்சில் உள்ள பார்த்தினனை எடுத்துக்கொள்ளலாம். இதன் மேற்படி 69.5 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 31 மீட்டர் அகலமும் கொண்டது. வெளித் தூண்களின் அடிவிட்டம் 1.9 மீட்டர்; தூண்களுக்கு இடைப்பட்ட வெளி ஏறத்தாழ 2.4 மீட்டர். 1:100 அளவுத்திட்டத்தில் செய்தால் மாதிரியுரு ஒரு சிறிய மேசையில் அடங்கிவிடும். தூண்களுக்கு இடையே 2.4 செ.மீ. கிடைப்பதால் விரல் உள்ளே சென்று தூணைச் சுற்றி வரும். 1:200 ஆக்கினால் இடைவெளி 1.2 செ.மீ. ஆகிவிடும். சிறுவர் விரல் நுழையும். பெரியவர் பலரின் விரல் சிக்கிக்கொள்ளும். ஒவ்வொரு தூணிலும் உள்ள 20 நெடுக்குப் பள்ளங்கள் 1:100இல் ஒவ்வொன்றும் 3 மி.மீ. அகலம் பெறுகின்றன. இது விரல்நுனியின் எல்லைக்கு மிக அருகில் இருப்பதால் பள்ளங்களை எண்ண முடியாவிட்டாலும் அவை இருப்பதை உணரலாம். ஆனால் இக்கட்டிடத்தின் புகழ்பெற்ற நுட்பமான, மேற்படியின் மெல்லிய வளைவு, நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 11 செ.மீ. மட்டுமே எழுகின்றது. 1:100இல் இது 70 செ.மீ. நீளத்தில் ஒரு மில்லிமீட்டர். இதை எந்தக் கையும் அறியாது. தனியாக ஒரு பகுதியை மிகைப்படுத்திச் செய்து காட்டலாம், அல்லது சொல்லிவிடலாம்.

உரோமில் உள்ள பாந்தியன் இதைவிடவும் தொடு மாதிரியுருவுக்கு ஏற்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் கட்டி முடிக்கப்பட்ட இதன் வட்டக் கூடத்தின் உள்விட்டம் 43.3 மீட்டர். தளத்திலிருந்து குவிமாடத்தின் உச்சித் திறப்பு வரையான உயரமும் அதுவே. அதாவது, கூடத்துக்குள் ஒரு முழுக் கோளத்தை வைத்தால் அது தளத்தையும் சரியாகத் தொட்டு நிற்கும். இந்த உண்மையைப் படத்தில் காட்ட ஒரு வட்டம் வரைவார்கள். தொடு மாதிரியுருவில் 43 செ.மீ. விட்டமுள்ள கோளம் ஒன்றைத் தனியாகச் செய்து, இரண்டாகப் பிளந்த கட்டிடத்துக்குள் வைத்துக் காட்ட முடியும். கோளத்தை எடுத்துவிட்டு வெறும் கூடத்தைத் தடவும்போது அதன் அமைப்பு கைக்குப் புரிந்துவிடும்.

குவிமாடத்தின் தடிப்பு அடியில் ஏறத்தாழ 6.4 மீட்டர், உச்சித் திறப்பின் விளிம்பில் 1.2 மீட்டர். 1:100இல் இவை 6.4 செ.மீ., 1.2 செ.மீ. ஆகின்றன. வெட்டுமுகத்தின் உட்புறத்தில் விரல்களையும் வெளிப்புறத்தில் கட்டைவிரலையும் வைத்து மேல்நோக்கி நகர்த்தினால், கொத்துவேலை படிப்படியாக மெலிந்து செல்வது பிடிக்குள்ளேயே தெரியும். உள்ளே தெளிவான அரைக்கோளம். வெளியே தாழ்வான, படிவளையங்கள் சூழ்ந்த கிண்ணத்தைக் கவிழ்த்தது போன்ற தோற்றம். உரோமில் நேரில் நிற்கும் பார்வையுள்ளவர் இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் காணவே முடியாது. மாதிரியுருவில் ஒரு கை உள்ளேயும் மற்றக் கை வெளியேயும் இருக்க முடியும். உட்புறத்தில் வரிசைக்கு 28 ஆக ஐந்து வரிசைகளில் அமைந்த சதுரக் குழிவுகள் மேலே செல்லச் செல்லச் சிறிதாவதும் விரலுக்கு நன்கு தெரிகின்றது. முகமண்டபத்தின் 16 தூண்களும் 1.5 செ.மீ. தடிப்புடன், உடையாத வலிமை பெறுகின்றன.

பேராலயங்கள் இவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. கொலோன் பேராலயத்தின் கோபுரங்கள் 157 மீட்டர் உயரமானவை. 1:100இல் மாதிரியுரு ஒரு மனிதரின் தோளளவு உயர்ந்து, கை எட்டுவதே கடினமாகிவிடும். 1:200இல் 78 செ.மீ. உயரம் வசதியானது, ஆனால் வில்வடிவ முட்டுக்களும் ஊசி போன்ற சிறு கோபுரங்களும் முட்செடி போல் குத்தத் தொடங்கும். இத்தகைய கட்டிடங்களுக்கு ஒரு மாதிரியுரு போதாது. முழுக் கட்டிடத்தையும் எளிமையாகக் காட்டும் சிறிய மாதிரியுரு ஒன்று, சுவரின் ஒரு பகுதியை முட்டுக்களுடன் பெரிதாகக் காட்டும் மாதிரியுரு ஒன்று, கோடுகள் புடைத்த தளப்படம் ஒன்று என மூன்றாகப் பிரிப்பது நல்ல முறையாகும். சிறியதிலிருந்து பெரியதற்குச் செல்ல வேண்டும். தலைகீழாகக் கொடுத்தால் மறுபடியும் யானையின் கதைதான்.

மாதிரியுருவின் வாயிலருகே அதே அளவுத்திட்டத்தில் ஒரு மனித உருவத்தை வைப்பது மிகவும் பயனுள்ளது. 1:100இல் அது 1.7 செ.மீ. உயரம் மட்டுமே இருக்கும். அதைத் தொட்டபின் தூணைத் தொடுபவர் கட்டிடத்தின் பெருமையை எண்களின் உதவியின்றியே உணர்ந்துகொள்வார்.

விடுவதும் மிகைப்படுத்துவதும்

தொடு மாதிரியுருவில் எல்லாவற்றையும் காட்ட முடியாது என்பதால், ஒவ்வொரு மாதிரியுருவும் சிலவற்றை விட்டுவிடுகின்றது. பார்வையுள்ளவர் மாதிரியுருவில் விடுபட்டதை உண்மைக் கட்டிடத்தைப் பார்த்து ஈடுசெய்துகொள்ள முடியும். பார்வையற்றவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாதிரியுருவில் இல்லாதது அவருக்குக் கட்டிடத்திலும் இல்லை. செய்பவரின் பொறுப்பு இங்கேதான் கடுமையாகின்றது.

மீண்டும் பார்த்தினனைக் கருதலாம். இன்று மலைமேல் நிற்பது ஒரு சிதைவு. 1687ஆம் ஆண்டில் வெனிசியப் படையினரின் முற்றுகையின்போது, வெடிமருந்துக் கிடங்காகப் பயன்பட்ட இக்கட்டிடம் வெடித்துக் கூரையும் நடுப்பகுதியும் அழிந்தன. மாதிரியுருவோ பெரும்பாலும் கூரையுடனும் முழுமையான முக்கோண முகப்புடனும் செய்யப்படுகின்றது. கைக்கு இதுவே எளிது. உடைந்த விளிம்புகள் குழப்பம் தரும். ஆனால் இதை மட்டும் தொட்டுச் சென்ற ஒருவர், ஏதென்சில் இத்தகைய முழுக் கோயில் ஒன்று இன்றும் நிற்கின்றது என்ற எண்ணத்துடன் செல்லக்கூடும். பழைய நிலை, இன்றைய நிலை என்று இரண்டும் அருகருகே இருப்பதே நேர்மையானது. செலவு கருதி ஒன்றுதான் இயலும் என்றால், அது எந்தக் காலத்துத் தோற்றம் என்பதைப் பெயர்ப்பலகையின் முதல் வரியிலேயே பிரெயிலில் குறிப்பிட வேண்டும்.

மிகைப்படுத்துதலும் இவ்வாறே. படிக்கட்டுக்களை உண்மை அளவில் சுருக்கினால் அவை சரிவாகிவிடும். எனவே எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொரு படியையும் பெரிதாக்குவர். ஓடுகள், செங்கல் வரிகள், கருங்கல் பரப்பு ஆகியவற்றுக்கு வெவ்வேறு சொரசொரப்புக்களைக் குறியீடாகக் கொடுப்பர். இவை தவறல்ல. நிலப்படத்தில் சாலையை உண்மை விகிதத்தைவிட அகலமாக வரைவதை எவரும் பொய் என்பதில்லை. ஆனால் நிலப்படத்துக்குக் குறிவிளக்கம் உண்டு. மாதிரியுருவுக்கும் அது வேண்டும். எண்ணிக்கை குறைக்கப்பட்ட இடங்களில் உண்மை எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும்.

பொருட்களும் செய்முறையும்

கட்டிடத்தின் அளவைப் படங்களிலிருந்தே வேலை தொடங்குகின்றது. பழைய கட்டிடங்களுக்குச் சரியான படங்கள் இல்லாதபோது, லேசர் வருடல் மூலமோ பல கோணங்களில் எடுத்த ஒளிப்படங்களைக் கணினியில் இணைத்தோ முப்பரிமாண வடிவம் பெறப்படுகின்றது. இவ்வாறு கிடைக்கும் வடிவத்தை நேரடியாக அச்சிட்டுவிடலாம் என்பது ஒரு மயக்கம். வருடல் கருவி தூணையும் தூண்மேல் படிந்த அழுக்கையும் ஒன்றுபோலவே பதிவு செய்கின்றது. எதை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்து, மெல்லிய பகுதிகளைத் தடிப்பாக்கி, கூர்முனைகளை மழுக்கி, வடிவத்தைத் திரும்ப வரைய வேண்டியுள்ளது.

மரம் கைக்கு இதமானது. செதுக்குவதற்கும் திருத்துவதற்கும் எளிது. சாந்து மலிவானது, ஆனால் விளிம்புகள் விரைவில் உதிரும். செயற்கைப் பிசின் வார்ப்பு வலிமையானது. ஓர் அச்சிலிருந்து பல படிகள் எடுக்கலாம். உருகிய பிளாஸ்டிக்கை அடுக்கடுக்காக இடும் முப்பரிமாண அச்சில் ஒரு சிக்கல் உண்டு. அடுக்குகளின் தடிப்பு 0.2 மி.மீ. அளவே ஆனாலும் விரல் அவ்வரிகளை உணர்ந்துவிடும். வளைந்த கூரையில் அவை ஓடுகள் அல்லது படிகள் என்று தவறாகக் கொள்ளப்படலாம். தேய்த்து மெருகிட்டு, அல்லது பூச்சுப் பூசி இதனை நீக்க வேண்டும். பெரும்பாலும் நேரமின்மையால் விடுபட்டுப்போவது இந்தக் கட்டமே.

திறந்த வெளிக்கு வெண்கலமே பொருத்தமானது. முதலில் மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் அச்சுப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றும் முறை சுவாமிமலைச் சிற்பிகளின் வேலையை அறிந்த தமிழருக்குப் புதிதன்று. அங்கே வழிபாட்டுத் திருமேனிகள் கனமாக வார்க்கப்படுகின்றன. பெரிய மாதிரியுருக்கள் எடையைக் குறைக்க உள்ளீடற்றனவாக வார்க்கப்படுவது வழக்கம். வெண்கலத்தின் ஒரே பெருங்குறை வெயில். நடுப்பகலில் வெயிலில் கிடந்த உலோகத்தைத் தடவுவது இயலாத காரியம். ஐரோப்பாவில் கோடைச் சில நாட்களுக்கு மட்டுமே இது சிக்கல். வெப்ப நாடுகளில் நிழற்கூரை இன்றி வெண்கல மாதிரியுரு வைப்பதில் பொருளில்லை.

ஒரே பொருளில் செய்வதா, உண்மைக் கட்டிடத்தைப் போல் கல், மரம், உலோகம் என்று பல பொருட்களில் செய்வதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பல பொருட்கள் பகுதிகளைப் பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் அளவுக்கு மீறினால் வடிவத்திலிருந்து கவனத்தைத் திருப்பிவிடும்.

பார்வைக் குறைபாடு உடையோரில் பெரும்பாலோருக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருக்கும். ஆகையால் கூரை, சுவர், தரை ஆகியவற்றுக்கு இடையே தெளிவான நிற வேறுபாடு இருப்பது அவர்களுக்கு உதவும். எல்லாமே கரும்பழுப்பாக உள்ள வெண்கலம் இவ்வகையில் பின்தங்கியதே.

வைக்கும் முறை

மேசையின் உயரம் நிற்பவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும், சிறுவருக்கும் பொருந்த வேண்டும். கீழே முழங்கால் நுழைய இடம் விடப்பட வேண்டும். மாதிரியுருவின் திசை கட்டிடத்தின் திசையோடு ஒத்திருக்குமாறு வைப்பது விரும்பத்தக்கது. கட்டிடத்தை நோக்கி நின்று தொடுபவருக்கு, மாதிரியுருவின் வலப்பக்கக் கோபுரமே உண்மையிலும் வலப்பக்கம் இருக்கும். இது தலைகீழானால், தொட்டுக் கற்றதைக் கட்டிடத்துக்குள் நடக்கும்போது பயன்படுத்த முடியாது.

பிரெயில் எழுத்துக்களை மாதிரியுருவின் கூரை மீதோ சுவர் மீதோ பொறிப்பதைத் தவிர்ப்பது நல்லது; அவை கட்டிடத்தின் பகுதியாகத் தோன்றிவிடும். விளிம்பில் ஒரே பக்கத்தில், கை இயல்பாகத் தங்கும் சாய்வான தகட்டில் பொறிக்கலாம். பார்வையை இழந்தவர்களுள் பிரெயில் படிக்கத் தெரியாதவர்கள் மிகப் பலர் என்பதால் ஒலிவழி விளக்கமும் தேவை. "இப்போது இடக்கையை வாயிலில் வைத்துக்கொண்டு வலக்கையைக் கூரையின் உச்சிவரை நகர்த்துங்கள்" என்பது போல் கைகளை வழிநடத்தும் உரையே பயன் தரும். பார்வையுள்ளவர்களுக்காக எழுதிய உரையை வாசித்துப் பதிவு செய்து வைப்பதால் பயனில்லை.

குறைகள்

செய்து முடித்த பின்னரே பார்வையற்ற ஒருவரை அழைத்துத் திறப்பு விழாவில் தொடச் சொல்லும் வழக்கம் இத்துறையின் பெருங்குறை. அப்போது அவர் சொல்லும் குறையைத் திருத்த வழியில்லை. மரியாதைக்காக அவரும் சொல்வதில்லை. களிமண் அல்லது அட்டை நிலையிலேயே பலரிடம் கொடுத்து, அவர்கள் எதை எதுவாக எடுத்துக்கொள்கின்றனர் என்று பேசாமல் கேட்பதே சோதனை. பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பிற்காலத்தில் பார்வை இழந்தவர்களும் இச்சோதனையில் இடம்பெற வேண்டும். பின்னவருக்குக் கட்டிடங்கள் பற்றிய பார்வை நினைவு உண்டு என்பதால், முன்னவர் தடுமாறும் இடத்தை அவர் எளிதில் கடந்துவிடுவார்.

பாதுகாப்புக் கருதி மாதிரியுருவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நிகழ்வுகளும் இல்லாமல் இல்லை. சிறு கோபுரமொன்று உடைந்ததும் தொடுவதற்குத் தடை விதிப்பதைவிட, உடையக்கூடிய பகுதிகளைத் திருகிப் பொருத்தும் வகையில் தனியே செய்து, மாற்றுப் பகுதிகளை முன்கூட்டியே வார்த்து வைத்திருப்பது மேல்.

கைபட்டுத் தேய்வது தவிர்க்க முடியாதது. வெண்கலத்தில் கோபுர உச்சிகளும் வாயில்களும் முதலில் பளபளக்கத் தொடங்கும். அது கேடன்று, மக்கள் எங்கே தொடுகின்றனர் என்பதைப் பராமரிப்பவருக்கு அது காட்டிக்கொடுக்கின்றது. ஆனால் பிரெயில் புள்ளிகளின் உயரம் அரை மில்லிமீட்டர்தான். அவை பாதி தேய்ந்தாலே எழுத்து படிக்க முடியாததாகிவிடும். பார்வையுள்ள பராமரிப்பாளரின் கண்ணுக்கோ அது முன்போலவே தெரியும். இக்காரணத்தால் எழுத்துத் தகட்டை மாதிரியுருவோடு ஒன்றாக வார்க்காமல், கழற்றி மாற்றக்கூடியதாகத் தனியே பொருத்துவதும், பிரெயில் படிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைப் படித்துப் பார்க்கச் செய்வதும் வேண்டும்.